சம்பந்தியம்மாவின் கைப்பை

போன வருடம் தீபாவளி முடிந்த கையோடு நானும் சம்பந்தியம்மாவும் தென்கொரியாவில் இருக்கும் சியோலுக்குப் போயிருந்தோம். என் மகளும் மாப்பிள்ளையும் அங்கேதான் வேலையில் இருக்கிறார்கள். எனக்குப் பெரியநாயக்கன்பாளையம், சம்பந்தியம்மாவுக்குப் பொள்ளாச்சிப் பக்கம். என் வீட்டுக்காரரால் பட்டறையை விட்டு வர முடியவில்லை. சம்பந்தியம்மாவின் வீட்டுக்காரருக்குத் தோப்பில் தேங்காய் வெட்டு. அதனால் நாங்கள் இருவர் மட்டும் விமானம் ஏறினோம்.

சம்பந்தியம்மா அதிகம் பேச மாட்டார். கல்யாணத்திலிருந்தே அவர் முன்னால் எனக்கு ஒரு உதறல்தான். பேசாமல் இருப்பவர் மனதில் என்ன ஓடுகிறது என்று யாருக்குத் தெரியும்? பெண்ணைக் கொடுத்தவள் ஆயிற்றே, எதிலாவது குறை வந்துவிடுமோ என்று அவர் டம்ளரில் தண்ணீர் குறைவதைக்கூடக் கவனித்துக்கொண்டிருப்பேன்.

முதல் சில நாட்கள் பிள்ளைகளே ஊரைச் சுற்றிக் காட்டினார்கள். பிறகு அவர்களுக்கு ஆபீஸ். "நீங்களே போயிட்டு வாங்கம்மா, இங்க பயமே இல்ல" என்று மகள் எங்களுக்கு வகுப்பு எடுத்தாள். வரைபடத்தில் பச்சைக் கோடாகக் காட்டியிருக்கும் சுரங்க ரயில் ஊரைச் சுற்றி வட்டமாக ஓடும். பெயரைப் படிக்க முடியாவிட்டால் நிலையத்தின் எண்ணைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒருவர் ஏறி மற்றவர் விட்டுப்போனால், ஏறியவர் அடுத்த நிலையத்தில் இறங்கி நிற்க வேண்டும். விட்டுப்போனவர் அடுத்த ரயிலில் வந்து சேர வேண்டும். நாங்கள் இரண்டு பேரும் நன்றாகத் தலையாட்டினோம்.

முதன்முதலாகத் தனியாகப் போனது ஒரு துணிச் சந்தைக்கு. பார்க்கப் பார்க்க நேரம் ஓடிவிட்டது. சம்பந்தியம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. காலையில் ஊசி போட்டுக்கொண்டால் மதியம் நேரத்துக்குச் சாப்பிட்டாக வேண்டும். வெளியே எதில் கறி கலந்திருக்கும் என்று தெரியாததால் வீட்டிலேயே சோறாக்கி வைத்துவிட்டு வந்திருந்தோம். "போயிறலாமுங்க" என்றார். முகம் வாடியிருந்தது.

நிலையத்தின் படியில் இறங்கும்போது, "குடுங்க, நான் வெச்சுக்கறேன்" என்று அவர் கைப்பையை வாங்கினேன். "இருக்கட்டுங்க" என்றார். நான் விடுவேனா? கிட்டத்தட்டப் பிடுங்கிக்கொண்டேன் என்றே சொல்லலாம்.

ரயில் நல்ல கூட்டத்தோடு வந்தது. அவரை எப்படியாவது உட்கார வைக்க வேண்டும் என்பதுதான் எனக்கு அப்போது ஒரே நினைப்பு. காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியாகப் பையைப் போட்டு இடம் பிடித்துப் பழகிய கை இது. இரண்டு பேருக்கு நடுவில் புகுந்து ஏறி, காலியாக இருந்த ஒரே இடத்தில் அவர் பையைப் போட்டுவிட்டு, "வாங்க, வாங்க" என்று பெருமையாகத் திரும்பினேன்.

சம்பந்தியம்மா கதவுக்கு வெளியே ஒதுங்கி நின்று, பின்னால் வந்தவர்களுக்கெல்லாம் வழி விட்டுக்கொண்டிருந்தார். அவர்கள் ஏறி முடிக்கவும் கதவு மூடவும் சரியாக இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் முகம் ஒரு கணம் தெரிந்தது. அப்புறம் இருட்டு.

இடத்தில் போட்ட பையைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். அவருடைய போன், மாத்திரை, பிஸ்கட், பாஸ்போர்ட், ரயில் அட்டை எல்லாம் என்னிடம். மொழி தெரியாத ஊரில், வெறுங்கையோடு, பசியோடு அவர் நிற்கிறார். சர்க்கரை இறங்கி மயங்கி விழுந்தால் என்னவென்று கேட்கக்கூட ஆள் இல்லை.

மகளைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடி மறுபடி கூப்பிட்டேன். மாப்பிள்ளை நம்பரை எடுத்து வைத்துக்கொண்டு அழுத்த முடியாமல் நின்றேன். 'உங்கம்மாவத் தொலச்சுட்டேனுங்க' என்று எந்த வாயால் சொல்வது? அந்த நேரத்திலும் என் மரியாதையைப் பற்றி யோசித்தேனே என்று இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

அடுத்த நிலையத்தில் இறங்கி நின்றேன். பின்னால் வந்த ரயிலில் ஒவ்வொரு கதவாக ஓடி ஓடிப் பார்த்தேன். அவர் இல்லை. அதற்கடுத்த ரயிலிலும் இல்லை. திரும்பிப் போகலாம் என்றால், நான் போகும் நேரத்தில் அவர் இங்கே வந்துவிட்டால்? நிற்கலாம் என்றால், அங்கே அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்? அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்போது என் வயதுள்ள ஓர் அம்மா அருகில் வந்தார். சுருட்டை முடி, தலையில் தொப்பி, முதுகில் பை. கொரிய மொழியில் ஏதோ கேட்டார். நான் என் சேலையைப் பிடித்துக் காட்டி, இரண்டு விரலை நீட்டி, ஒன்றை மடக்கி, ரயில் வந்த பக்கம் கையைக் காட்டினேன். "சம்பந்தியம்மாங்க, அங்க நிக்கறாங்க" என்று தமிழிலேயே சொன்னேன். அவருக்கு என்ன புரிந்ததோ, என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார். படியில் மேலே ஏறி, ஊழியரிடம் பேசி டிக்கெட் கதவைத் திறக்க வைத்து, எதிர்ப்பக்க நடைமேடைக்கு இறங்கி, என்னோடு ரயிலும் ஏறினார். சம்பந்தியம்மாவை விட்டுவந்த நிலையத்திலும் அதேபோல் படி ஏறி இறங்கினோம். அதுவரை என் கையை அவர் விடவில்லை.

சம்பந்தியம்மா விட்ட இடத்திலேயே, அதே கதவுக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. கை லேசாக நடுங்கியது. என்னைப் பார்த்ததும், "ஏனுங்க, ரொம்பப் பயந்துட்டீங்களாட்ட இருக்குது. மொதல்ல உக்காருங்க" என்றார். நான் பொது இடம் என்றும் பாராமல் அவர் தோளில் சாய்ந்து அழுதேன்.

"ஒரு பாட்டி முட்டாய் குடுத்தாங்க. வாயில போட்டுட்டேன். இப்பத் தேவலைங்க" என்று உறையைக் காட்டினார். நான் அவசரமாகப் பையைத் திறந்து பிஸ்கட்டைக் கொடுத்தேன். நிமிர்ந்தபோது கூட வந்த அம்மா ரயிலுக்கு வரிசையில் நின்றிருந்தார். நான் கும்பிட்டேன். அவரும் குனிந்து வணங்கிவிட்டு ஏறிப் போய்விட்டார்.

"அடுத்த ரயில்ல வரச் சொன்னாளே, மறந்துட்டீங்களாங்க?" என்று கேட்டேன்.

"மறக்கலீங்க. ஆனா நீங்க பையைத் தூக்கிட்டுத் திரும்பி ஓடி வருவீங்கன்னு தெரியும். ஒரு எடத்துல நிக்கற ஆளா நீங்க?" என்று சிரித்தார். என் குணத்தை அவர் இவ்வளவு தூரம் கவனித்து வைத்திருப்பார் என்று நான் நினைக்கவே இல்லை.

சாயங்காலம் சாப்பிடும்போது மகள், "ஏம்மா அத்தனை தடவ கூப்பிட்டிருக்கீங்க?" என்று கேட்டாள். மாப்பிள்ளையும் நிமிர்ந்து பார்த்தார். நான் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

"நாந்தான் கண்ணு, வேடிக்கை பார்த்துட்டுப் பின்னால நின்னுபோட்டேன். அம்மாதான் வந்து கூட்டியாந்தாங்க. கொஞ்சம் ரசம் ஊத்து" என்றார் சம்பந்தியம்மா. பேச்சு அத்தோடு முடிந்தது. பாத்திரம் கழுவும்போது, ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். "நெசந்தானுங்களே, நின்னது நாந்தானுங்களே" என்றார்.

ஊர் திரும்பிய பிறகும் நாங்கள் இருவரும் அடிக்கடி ஒன்றாகப் பஸ்ஸில் போகிறோம். அவர் பையை இப்போது நான் வாங்குவதும் இல்லை, முன்னால் ஓடி இடம் பிடிப்பதும் இல்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறேன், இடம் கிடைக்காவிட்டால் பேசிக்கொண்டே இரண்டு பேரும் நின்றுகொண்டு போகிறோம்.