அறுபதைத் தொட்டால் வரும் நடுக்கம்

வண்டி அறுபதைத் தொட்டதும் அக்கா தன் இடது கையை வலது கையால் தூக்கி மார்போடு அணைத்துக்கொள்வாள். டயாலிசிஸுக்காக ஊசி குத்திக் குத்தித் தடித்துப்போன கை அது. காரின் தரையிலிருந்து கிளம்பும் நடுக்கம் சீட்டு வழியாக ஏறி நேராக அந்தக் கைக்குத்தான் வரும். மாமா கண்ணாடியில் அதைப் பார்த்துவிட்டு ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுப்பார். நாற்பத்தைந்துக்கு இறங்கியதும் நடுக்கம் அடங்கும். மரக்காணத்திலிருந்து புதுச்சேரிக்கு வாரம் மூன்று நாள், பேருந்துகள் ஹாரன் அடித்துக்கொண்டே எங்களைக் கடந்து போக, அந்த நாற்பத்தைந்திலேயே போய் வந்தோம்.

மாமா என்று சொல்வது அக்காவின் கணவரை. உப்பளங்களில் தண்ணீர் இறைக்கும் மோட்டார்களைப் பழுது பார்ப்பவர். பத்தடி தள்ளி நின்று சத்தத்தைக் கேட்டே எந்த பேரிங் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவார். அக்காவுக்குச் சிறுநீரகம் இரண்டும் செயலிழந்தபோது அவர் டாக்டரிடம் கேட்ட முதல் கேள்வி, எதனால் என்பதுதான். சர்க்கரை இல்லை, ரத்தக்கொதிப்பு இல்லை. சில பேருக்குக் காரணம் தெரிவதில்லை என்றார் டாக்டர். மாமாவால் அதை ஏற்க முடியவில்லை. காரணமில்லாமல் எதுவும் நிற்காது என்பது அவர் வாழ்நாள் முழுதும் கண்ட உண்மை. அந்த ஆண்டுதான் காரில் நடுக்கம் ஆரம்பித்தது. அக்காவின் உடம்பில் தேட முடியாததை அவர் காரில் தேடத் தொடங்கினார் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

முதலில் திண்டிவனத்தில் சக்கரங்களுக்கு பேலன்சிங் பார்த்தார். முன் டயர்களைப் பின்னுக்கு மாற்றினார். வீல் பேரிங்குகளைப் புதிதாகப் போட்டார். பிறகு ஒருநாள், காலியாக இருந்த சாலையில் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, அறுபதில் போகும்போது கியரை நியூட்ரலுக்குத் தள்ளினார். நடுக்கம் குறைந்தது. “சக்கரம் இல்ல மச்சான். இஞ்சின் இழுக்கறப்ப தான் வருது” என்றார். அக்காவுக்கு நோய் வந்த பிறகு அவர் முகத்தில் நான் பார்த்த ஒரே மகிழ்ச்சி அது. ஆக்ஸிலை மாற்றினார், போகவில்லை. இஞ்சினைத் தாங்கும் மவுண்டிங்குகளை மாற்றினார். ஒரு வாரம் வண்டி வழுக்கிக்கொண்டு போனது. அக்கா பின்சீட்டில் தூங்கிக்கூடப் போனாள். எட்டாம் நாள் கூனிமேடு தாண்டியதும் நடுக்கம் திரும்பி வந்தது. அக்கா விழித்துக் கையைத் தூக்கி அணைத்துக்கொண்டாள்.

டயாலிசிஸ் இல்லாத நாட்களில் அவர் காருக்கு அடியிலேயே கிடந்தார். அக்கா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வெளியே நீண்டிருக்கும் அவர் கால்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள். “அது கெடக்குது விடுங்க. நாப்பத்தஞ்சுலயே போவலாம். இங்க வந்து செத்த நேரம் உக்காருங்க” என்றாள் ஒருநாள். “தோ, இத மட்டும் பாத்துட்டு வர்றேன்” என்று அடியிலிருந்து குரல் வந்தது. அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவர் வெளியே வந்தபோது அவள் உள்ளே போய்ப் படுத்துவிட்டிருந்தாள்.

கடைசியில் அவருடைய நண்பரான மெக்கானிக் ஒருவர் காரை லிஃப்டில் ஏற்றினார். இஞ்சினைத் தாங்கும் சட்டம் காரின் தரையோடு சேரும் இடத்தில், பெயின்ட்டுக்கு மேல் ஒரு ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினார். அது பிடி வரைக்கும் உள்ளே போனது. செதில் செதிலாகத் துரு உதிர்ந்தது. போல்ட் பிடித்துக்கொள்ள இரும்பே மீதமில்லை. புது மவுண்டிங்கைப் போட்டும் நடுக்கம் ஏன் நிற்கவில்லை என்பது அப்போது விளங்கியது. “உள்ளருந்து தின்னுக்கினு வந்திருக்குது. இனிமே இதுல யாரையும் ஏத்தாத. ஓடறப்பவே இஞ்சின் கயண்டுக்கும்” என்றார்.

மாமா அந்தத் துளையையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அந்தக் கணமே காரணம் தெரிந்துவிட்டது.

அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், மாமாவும் அக்காவும் வானூரில் ஒரு கல்யாணத்துக்குப் பேருந்தில் போயிருந்தார்கள். கோடையில் திடீரென்று வானம் இருட்டிக்கொண்டு வந்தது. நான் குத்தகைக்கு எடுத்திருந்த பாத்தியின் உப்பு, மூட்டை கட்டி வரப்பிலேயே கிடந்தது. டிராக்டர் கிடைக்கவில்லை. மாமாவின் காரை எடுத்துப் பின்சீட்டைக் கழற்றிவிட்டு, ஈர மூட்டைகளை முன்னும் பின்னும் அடுக்கி, மழை இறங்குவதற்குள் கொட்டகைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். எத்தனை நடை என்று நினைவில்லை. பிறகு குழாய் போட்டு உட்புறத்தை நன்றாகக் கழுவினேன். மேலே இருந்த கால்மிதிகளை மட்டும் வெயிலில் காயவைத்து விரித்தேன். தரை விரிப்புக்கு அடியில் உப்புத் தண்ணீர் தேங்கி நிற்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. மாமா கண்டுபிடிக்கவில்லை என்பதில் அப்போது எனக்குச் சந்தோஷம்கூட.

கார் மெக்கானிக்கின் கொட்டகையிலேயே நின்றுவிட்டது. வாடகை வண்டியிலும் பேருந்திலுமாக அக்கா போய் வந்தாள். ஐப்பசியில் நாலு நாள் விடாமல் மழை. சொல்லி வைத்திருந்த வண்டிக்காரர் வரவில்லை, வேறு எவரும் கிளம்பச் சம்மதிக்கவில்லை. இரண்டு டயாலிசிஸ் தவறின. அடுத்த நாள் விடியும்போது அவளால் படுக்க முடியவில்லை, உட்கார்ந்து மூச்சுக்குத் தவித்தாள். ஆம்புலன்ஸ் காலாப்பட்டைத் தாண்டும்போது மாமாவின் தோளில் சாய்ந்தவள் நிமிரவில்லை. கார் இருந்திருந்தால் அந்த மழையில் போயிருக்க முடியுமா என்று என்னை நானே கேட்டுக்கொள்கிறேன். முடிந்திருக்கும் என்றுதான் ஒவ்வொரு முறையும் பதில் வருகிறது. மாமா போயிருப்பார்.

போன மாதம் அவரைப் பார்க்கப் போனேன். சொல்லிவிடுவது என்று வழியெல்லாம் சொற்களைக் கோத்துக்கொண்டே போனேன். உப்பள வரப்பில் ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்தேன். கையிலிருந்த ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே அவராகத்தான் பேசினார்.

“அந்தக் காரு நெனப்பாவே இருக்குது மச்சான். கடல் காத்துல வெளியேருந்து தான துரு புடிக்கும். அது உள்ளருந்து வந்திருக்குது. எப்படி உள்ள போச்சு? எவ்ளோ யோசிச்சும் புடிபடல. உனக்கு ஏதாவது தோணுதா?”

அவர் கண்கள் என் முகத்தில் இருந்தன. சந்தேகமே இல்லாத கண்கள்.

“இல்ல மாமா” என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டு மோட்டாரின் பக்கம் குனிந்துகொண்டார்.