வசந்தினிக்கு வகுப்புக் கிடைக்காத கதை

மொன்ட்ரியலில் ஒரு பட்டதாரி ஆசிரியை ஆவதற்கு என்ன வழி என்று கேட்டால், வசந்தினி நித்திரையிலும் சொல்வாள். ஊரில் வாங்கிய பட்டத்தை இங்கே மதிப்பிடுவிக்க வேண்டும். பிரெஞ்சுப் பரீட்சை எழுத வேண்டும். பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பயிற்சிக்குப் பதிய வேண்டும். இதற்கிடையில் எப்படியாவது ஒரு பாடசாலைக்குள் பதில் ஆசிரியையாக நுழைந்துவிட வேண்டும். லீவில் நிற்கும் ஆசிரியருக்குப் பதிலாக அரை நாளோ ஒரு நாளோ வகுப்பைப் பார்த்துக்கொண்டால் முகம் பழகும். முகம் பழகியவர்களைத்தான் பிறகு கூப்பிடுவார்கள்.

அந்தக் கடைசிப் படியைத் தவிர மற்றெல்லாவற்றிலும் அவள் கால் வைத்துவிட்டாள். பகலில் சென்ட் லோரன்டில் ஒரு மருந்துக் கம்பனியில் குளிசைப் போத்தல்களுக்கு மூடி பூட்டும் வேலை, மாலையில் பிரெஞ்சு வகுப்பு. திருகோணமலையில் கணிதப் பட்டத்தோடு அரசாங்க நியமனத்துக்காக வருடக் கணக்கில் காத்திருந்து, அது வராமலே கலியாணமாகி இங்கே வந்தவள். வந்து இரண்டாவது பனிக்காலத்தில், புவாண்ட்-கிளேரில் களஞ்சிய வேலைக்குப் போன கணவன் குலேந்திரன் நெடுஞ்சாலையில் கார் சறுக்கிச் செத்துப்போனான். பிள்ளைகள் இல்லை. ஒரு வகுப்பின் முன்னால் நிற்க வேண்டும் என்ற ஆசை மட்டும் மிஞ்சியிருந்தது.

2006 செப்டெம்பரில் கார்ட்டியர்வில்லில் ஒரு பாடசாலையின் அதிபர், மடம் ஜெர்வே, அவளைக் கூப்பிட்டுப் பேசினார். பிடித்துப்போயிற்று.

"கனடாவில் நீங்கள் பிள்ளைகளோடு வேலை செய்ததைப் பார்த்த ஒருவரின் பெயரைத் தாருங்கள். நான் அவரோடு பேசியதும் உங்களைச் சேர்த்துக்கொள்கிறேன்."

அப்படி ஒருவர் இருந்தார். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு இரண்டு வருடமாகச் சம்பளமில்லாமல் படிப்பித்து வந்தாள். அதன் தலைவர் அருளம்பலம், கேட்டவுடனே நெஞ்சை நிமிர்த்தினார்.

"என்ரை பேரைக் குடும் பிள்ளை. உம்மைப் போல ரீச்சர் இந்தக் கனடாவிலையே இல்லையெண்டு சொல்லுறன்."

"கொஞ்சம் குறைச்சே சொல்லுங்கோ அண்ணை. மனுசி நம்ப வேணுமே!"

அதற்குள் விஜயதசமி வந்தது. அந்த வருடம் அது திங்கட்கிழமை. திங்கட்கிழமை யாருக்கு லீவு? ஆகவே தமிழ்ப் பள்ளியில் பிள்ளைகளுக்கு ஏடு தொடக்குவதைச் சனிக்கிழமைக்குத் தள்ளிவைத்தார்கள். மண்டபமும் அன்றைக்குத்தான் மலிவு. நாளையும் நட்சத்திரத்தையும் வசதிக்கு நகர்த்தத் தெரிந்தவர்கள் அவர்கள். இதை மறக்க வேண்டாம்.

அருளம்பலம் பட்டுச் சால்வையோடு உட்கார்ந்து, தாம்பாளத்து அரிசியில் ஒவ்வொரு பிள்ளையின் விரலையும் பிடித்து 'அ' எழுதுவித்தார். நான்கு வயது நிருஷாவின் முறை வந்தபோது அவள் அவருடைய மீசையைப் பார்த்து வீரிட்டாள். ஓடிப்போய் வசந்தினியின் மடியில் ஏறிக்கொண்டாள்.

"ரீச்சரோடதான் எழுதுவன்!"

வீடியோ எடுத்துக்கொண்டிருந்த தகப்பன் நிர்மலன் சிரித்தான். "சரி ரீச்சர், நீங்களே எழுதுவியுங்கோ. என்ரை கமராவிலை பற்றரி முடியப்போகுது."

வசந்தினி எழுதுவித்தாள். பிள்ளை இன்னொரு 'அ' எழுத வேண்டுமென்று அடம்பிடித்தது. அப்போதுதான் தாய் கௌரி கடலைச் சட்டியோடு சமையலறையிலிருந்து வந்தாள். வங்கியில் வேலை பார்ப்பவள். வந்தவள் சட்டியைக் கீழே வைத்துவிட்டுப் பிள்ளையை இழுத்தெடுத்தாள்.

"உங்களுக்கு விசரே நிர்மலன்? அவ தனிச்ச மனுசியெண்டு தெரியாதே?"

"பிள்ளை அழுதுதப்பா..."

"அழட்டும்! வசந்தினியக்கா, உங்களோட எனக்கு ஒரு கோபமுமில்லை. ஆனா இது என்ரை பிள்ளையின்ரை முதல் எழுத்து."

தாம்பாளத்து அரிசியைக் குப்பைப் பையில் கொட்டிப் புதிதாக அரிசி பரப்பினார்கள். கதறக் கதறப் பிள்ளையை அருளம்பலத்தின் மடியில் இருத்தி மறுபடி எழுதுவித்தார்கள். நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மருந்துக் கம்பனியில் வேலை செய்பவர்களும் விமான உதிரிப்பாகம் செய்பவர்களும் அதில் இருந்தார்கள். பனியில் சறுக்கிய காருக்கும் ஒரு குழந்தையின் எழுத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்க அங்கே ஒரு நாவும் இல்லை.

அடுத்த கிழமை அருளம்பலம் ரெலிபோன் எடுத்தார். "கொஞ்ச நாளைக்கு வரவேண்டாம் பிள்ளை. சனம் கதைக்குது."

வசந்தினி அதைத் தாங்கிக்கொண்டாள். இனி அவளுக்குத்தான் உண்மையான பாடசாலை வரப்போகிறதே. ஆனால் மடம் ஜெர்வேயிடமிருந்து வந்தது, வேண்டாம் என்ற செய்தி. அவள் நேரே அருளம்பலத்தின் வீட்டுக்குப் போனாள்.

"என்ன அண்ணை சொன்னீங்கள் அவவுக்கு?"

"அந்த மனுசி கேட்டா, நீர் இப்பவும் படிப்பிக்கிறீரோ எண்டு. நிப்பாட்டிப்போட்டம் எண்டன். ஏன் எண்டு அவ கேட்டா. ஒரு பிள்ளையின்ரை விசயத்திலை தாய் முறைப்பாடு எண்டு சொன்னன். அது பொய்யே?"

"என்ன முறைப்பாடு எண்டு சொன்னீங்களோ?"

"அதை எப்பிடிப் பிள்ளை வெள்ளைக்காரிக்குச் சொல்லுறது? எங்களைக் காட்டுமிராண்டியள் எண்டெல்லே நினைப்பா."

"அவ என்ன நினைச்சிருப்பா தெரியுமோ? நான் பிள்ளையை ஏதோ செய்திட்டன் எண்டு. செய்ய வெக்கமில்லை, சொல்லத்தான் வெக்கமோ?"

"நீர் படிச்ச திமிரிலை கதைக்கிறீர்" என்று அவர் கதவைச் சாத்தினார்.

மறுநாள் அவள் கம்பனிக்கு லீவு சொல்லிவிட்டு மடம் ஜெர்வேயின் முன்னால் போய் உட்கார்ந்தாள். தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் எல்லாவற்றையும் சொன்னாள். அரிசி, விரல், எழுத்து, செத்துப்போன கணவன்.

மடம் ஜெர்வே நெற்றியைச் சுருக்கினார். "நீங்கள் விதவை. அதனால் நீங்கள் குழந்தையின் கையைப் பிடித்து எழுதக் கூடாது. அதற்காக நிறுத்தினார்களா?"

"ஓம்... வி, மடம்."

அதிபர் நியாயமான மனுசி. நம்ப முடியாததை நம்ப முயன்றார். அந்த இடத்திலேயே அருளம்பலத்துக்கு ரெலிபோன் எடுத்து, வசந்தினிக்கும் கேட்கும்படி குரலைக் கூட்டி வைத்தார்.

"மன்னிக்கவும் ஐயா, ஒரே ஒரு கேள்வி. அந்த ஆசிரியையை அவர் விதவை என்பதற்காகவா நிறுத்தினீர்கள்?"

அருளம்பலத்தின் பிரெஞ்சு தெளிவாகக் கேட்டது.

"நோன், நோன், மடம். எங்கள் சமூகத்தில் அப்படியான பழக்கம் எதுவும் இல்லை. நாங்கள் பெண்களை மிகவும் மதிப்பவர்கள்."

மடம் ஜெர்வே நன்றி சொல்லிக் கருவியை வைத்தார். அதன்பிறகு வசந்தினியின் முகத்தை அவர் பார்க்கவில்லை.

அவள் எழுந்து கோட்டை மாட்டியபோது இடைவேளை மணி அடித்தது. வகுப்புகளிலிருந்து பிள்ளைகள் கூச்சலோடு நடைக்கூடத்தில் வந்து நிறைந்தார்கள். அதிபர் அவசரமாக எழுந்து அவளோடு கூடவே வந்தார். வெளிக்கதவு வரையும், அவளுக்கும் பிள்ளைகளுக்கும் நடுவில் நடந்து வந்தார்.