கூப்பிட்டால் கேட்காத சாமான்

குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருந்த அக்கா, முதலாளி வீட்டுப் பிள்ளை வேண்டாமென்று போட்ட ஹெட்போன் ஒன்றை எனக்குக் கொண்டுவந்தாள். பெரிய சாமான். வெளிப்பக்கம் மட்டும் சல்லடை மாதிரி கம்பிவலை. ஃபோனில் செருகி முழுச் சத்தம் வைத்தாலும் பக்கத்துத் தோட்டத்தில் யாரோ வாசிப்பது போலத்தான் கேட்கும். நான் கேட்பது வெறும் வயலின். அது இவ்வளவு மெதுவாகக் கேட்டால் கேட்காமலே இருந்துவிடலாம்.

பதுளை டவுனுக்குக் கொண்டுபோய் ஒரு கடையில் காட்டினேன். கடைக்காரர் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்கு ஃபோனோட பவர் பத்தாது மிஸ். ஒண்ணு, சத்தத்தக் கூட்டித் தர்ற ஆம்ப் எடுங்க. இல்லாட்டி இத விட்டுட்டு நல்ல மூடின ஹெட்போனா எடுங்க" என்றார். எந்த இடம் என்று கேட்டார். தெமோதரைப் பக்கம், தேயிலைத் தோட்டத்து லயம் என்றேன். உடனே குரல் மாறியது.

"லயத்துக்கு எதுக்கு மிஸ் இதெல்லாம்? ஸ்பீக்கர் ஒண்ணு எடுத்துட்டுப் போங்க. வீட்டுல எல்லாரும் கேக்கலாம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எல்லாரும் கேட்பதற்கு எங்கள் லயத்தில் என்ன பஞ்சம்? ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக வீடுகள், வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கும் சுவர் கூரை வரைக்கும் போகாது. மூன்றாம் வீட்டு இருமல், ஐந்தாம் வீட்டு டிவி நாடகம், பக்கத்து வீட்டுச் சண்டை எல்லாம் நான் பிறந்த நாளிலிருந்து என் காதில்தான் குடியிருக்கின்றன. ஸ்கூலுக்குப் போனால் நாற்பது பிள்ளைகளின் சத்தம். எனக்கென்று ஒரு மணி நேரம், நான் மட்டும் கேட்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை. வந்த ரோஷத்தில் ஆம்ப்பையே வாங்கினேன். பிடிக்காவிட்டால் ஒரு வாரத்துக்குள் மாற்றிக்கொள்ளலாம் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போட்டுப் பார்த்தேன். வில் கம்பியைத் தொடுவதற்கு முன்னால் வாசிப்பவர் மூச்சை இழுப்பது கேட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, அழுதேன்.

அதற்குள் சுவருக்கு மேலாகப் பக்கத்து வீட்டு அக்காவின் குரல் வந்தது. "என்னா டீச்சர், யாரு வீட்டுல எழவு? ஒரே அழுகைப் பாட்டா ஓடுது?"

அப்போதுதான் விளங்கியது. அந்தக் கம்பிவலை வழியாக என் வயலின் வெளியே போகிறது, ஊர்ச் சத்தம் உள்ளே வருகிறது. சாயங்காலத்துக்குள் லயம் முழுக்க என்னைக் கேலி செய்தது. அண்ணன், "பேசாம அதக் குடுத்துட்டு மூடினதா ஒண்ணு எடு. ஏன் ஊரு வாயில விழுற?" என்றார்.

"மாட்டேன். முப்பது வருஷமா இவங்க சத்தத்த நான் கேட்டேன்தானே? இப்ப என்னோடத அவங்க கேக்கட்டும்" என்றேன். அடுத்த நாள் வேண்டுமென்றே இன்னும் கூட்டி வைத்தேன். அதற்கடுத்த நாளும் அப்படித்தான்.

வியாழக்கிழமை, அண்ணனின் மனைவி கொழுந்து பறித்துவிட்டு மலையிலிருந்து வந்தார். கால்கூடக் கழுவவில்லை. "அப்படி என்னாத்தத்தான் கேக்குற? குடு பாப்போம்" என்று வாங்கி மாட்டிக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். கண்ணை மூடினார். அந்த முகம் அப்படித் தளர்ந்து நான் பார்த்ததில்லை.

"இந்தா, தண்ணி கொண்டா." வாசலிலிருந்து அண்ணன்.

அண்ணி சட்டென்று கழற்றி வைத்துவிட்டு எழுந்தார். தண்ணீர் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து, "நல்லாத்தான் இருக்கு. ஆனா கூப்பிட்டாக் கேக்குதே" என்றார். பிறகு அடுப்பைப் பற்றவைக்கப் போய்விட்டார்.

அந்த ஒரு பேச்சு என்னைத் தூங்கவிடவில்லை. நான் லயத்தோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தேன். என் வீட்டுக்குள்ளேயே ஒருத்திக்குக் கண்ணை மூடி ஒரு பாட்டு முடியும்வரை உட்கார வழியில்லை.

சனிக்கிழமை ஆம்ப்பைத் திருப்பிக் கொண்டுபோனேன். கடைக்காரர் சிரித்தார். "நான் அன்னைக்கே சொன்னேன்ல மிஸ்? ஸ்பீக்கர் எடுத்திருந்தா இவ்வளவு அலைச்சல் இல்ல."

"எல்லாரும் கேக்குற சாமான் எனக்கு வேணாங்க. கூப்பிட்டாக் கேக்காத சாமான் வேணும். இருக்கா?"

மூடின ஹெட்போன் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். மாட்டிக்கொண்டு, பாட்டைப் போட்டுவிட்டு, என்னைக் கூப்பிடச் சொன்னேன். அவர் வாய் அசைந்தது மட்டும் தெரிந்தது. மேலே கொஞ்சம் பணம் போட்டு அதையே எடுத்தேன். வயலின்காரரின் மூச்சு இதில் கேட்கவில்லை. அது நஷ்டந்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன்.

அன்றைக்குச் சாயங்காலம் முதலில் அண்ணியின் காதில்தான் மாட்டினேன். வாசலிலிருந்து அண்ணன் கூப்பிட்டார். இன்னொரு தடவை கூப்பிட்டார். மூன்றாவது தடவை உள்ளேயே வந்து நின்றார். அண்ணி கண்ணைத் திறக்கவில்லை.

"அவளக் கூப்பிடு" என்றார் என்னிடம்.

"நீங்க கூப்பிட்டே கேக்கல. நான் கூப்பிட்டாக் கேக்குமாண்ணே?"

என்னை முறைத்தார். பிறகு தானே அடுப்படிக்குப் போனார். அங்கே எதையோ உருட்டும் சத்தம் கேட்டது. டம்ளர் எங்கே இருக்கிறது என்று உள்ளேயிருந்து கேட்டார். அவர் பிறந்து வளர்ந்த வீடு அது.