இருவருக்கும் நடுவே

சனிக்கிழமை காலை ஏழேகால். பின்வீட்டுக் குசினி வாசலில் நின்றபோது முதலில் தெரிந்தது அத்தானின் விரல்கள். முன்வீட்டின் பின்விறாந்தையில் உட்கார்ந்து, முந்திய இரவுக் கறியில் மிஞ்சிய நண்டுக்காலை உடைத்து, சதையை உருவி, அக்காவின் வாயில் வைத்துக்கொண்டிருந்தார். இருவருக்கும் ஒரே சோற்றுக் கோப்பை. அக்கா சிரித்தாள்; புரையேறி இருமினாள்; இருமி முடிந்ததும் மறுபடி சிரித்தாள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அதுவரை அந்த வீட்டில் நண்டு உடைக்கிற வேலை அக்காவுடையது, தின்கிற வேலை என்னுடையது.

கலியாணம் முடிந்து மூன்று கிழமை ஆகியிருந்தது. ஆரையம்பதியில் மூத்த மகளுக்குக் கலியாணம் என்றால் வீடு அவளுடையதாகிவிடும். மாப்பிள்ளை அங்கே குடிவருவார்; தாய் மிச்சப் பிள்ளைகளோடு ஒதுங்கிக்கொள்வாள். அத்தான் பெரியகல்லாற்றிலிருந்து ஒரு தோணியோடும் வலைகளோடும் வந்து சேர்ந்தார். அம்மாவும் நானும் அதே வளவின் பின்பக்கம் கட்டிய தகரக்கூரை வீட்டுக்குப் போனோம். என் தலையை இப்போது அம்மாதான் பின்னினாள், கண் இழுக்கும்படி இறுக்கமாக. அப்பா கட்டாரில் இருந்தார். வெள்ளிக்கிழமைகளில் வீடியோ கோல் எடுப்பார். அம்மா போனைச் சுவரில் சாய்த்துவிட்டு, வெங்காயம் உரித்தபடி "ஓம்", "இல்ல", "காய்ச்சல் சுகம்" என்று பதில் சொல்வாள்.

அன்று அம்மாவும் அந்த விரல்களைப் பார்த்தாள். அகப்பை கையிலேயே நின்றது.

"போ புள்ள, போய் நடுவில இருந்து தின்னு" என்றாள்.

இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருக்கவில்லை. போய் இருவரையும் தள்ளிக்கொண்டு உட்கார்ந்தேன். அத்தான் முகம் சுளிக்கவில்லை. "வாங்க சின்ன மாமியார்" என்று இருந்ததில் பெரிய காலை உடைத்து எனக்கு ஊட்டினார். நல்ல சதை. அதைத் துப்பினேன். அக்கா என் தொடையில் கிள்ளினாள். அத்தானோடு சேர்ந்து சிரித்துக்கொண்டேதான் கிள்ளினாள்.

அதற்குப் பிறகு எங்கும் நான் நடுவே. வாவிக்கரைக்குப் போனால் மோட்டார் சைக்கிளில் அவர்களுக்கு இடையில் என்னை ஏற்றிவிடுவாள் அம்மா. திரும்பி வந்ததும் பவுடர் கலைந்த என் முகத்தைத் துடைத்தபடி, என்ன கதைத்தார்கள், எங்கே நின்றார்கள், கை பிடித்தார்களா என்று கேட்பாள். ஒன்றுவிடாமல் சொல்வேன். அவள் முகம் இறுகும். எனக்காக இறுகுகிறது என்று பட்டது.

ஒரு பின்னேரம் கிணற்றடியில் அம்மா அக்காவைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னகா இது, ஊர் பார்க்கப் பல்லக் காட்டிக்கிட்டு? இப்பிடி இளிச்சா ஆம்பிள தலைக்கு மேல ஏறிருவான். கொப்பாவோட நான் இளிச்சத எண்டைக்காவது கண்டிருக்கியா?"

அக்கா வாளியைக் கீழே வைத்தாள்.

"இல்லம்மா. ஒருநாளும் காணல்ல."

குத்திக் காட்டுகிற குரலில்லை அது. கேட்டதற்குச் சொன்ன பதில். அம்மா உடுப்புகளைப் பிழியாமலே அள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

அந்த மாதக் கடைசியில் அத்தான் தோணியைப் பெரியகல்லாற்றுக்கே திருப்பினார். அக்கா சாவியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, அழுதுகொண்டு அவரோடு போனாள். புருசனுக்குப் பின்னால் பெண் வீட்டை விட்டுப் போவது எங்கள் ஊரில் லேசான செய்தியல்ல.

"வீடு குடுத்தும் புள்ள நிக்கல்லியாமே?" என்று பக்கத்து வளவு மாமி வேலிக்கு மேலால் கேட்டாள்.

"அங்கால மீன்பாடு நல்லமாம்" என்றாள் அம்மா.

பிறகு என்னை முன்வீட்டுக்குக் கூட்டிக்கொண்டுபோய்க் கதவைத் திறந்தாள். "இனி இது உன்ட வீடு" என்றாள். அறை அறையாக ஓடினேன். அத்தானின் சாரம் தொங்கிய கொடியை அறுத்தேன். அம்மாவும் என்னைப் போலத்தான், அக்காவை இன்னொருவரோடு பங்குபோட மனமில்லாதவள் என்று நினைத்துக்கொண்டேன். நாங்கள் இருவரும் வென்றுவிட்டோம் என்றும் நினைத்தேன்.

அடுத்த ஆடியில் அப்பா இரண்டு மாத லீவில் வந்தார். அம்மா என் அறையில் என்னோடு படுத்தாள். அப்பாவுக்கு விறாந்தையில் பாய் போட்டிருந்தாள்.