கடதாசியில் பிரமச்சாரி

நேசண்ணை மோசம் போன செய்தியை அவருடைய தம்பி குகன்தான் எனக்குச் சொன்னார். இங்கே கனடாவில், காலையில் வேலைக்குப் போக வோபர்ன் தரிப்பில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். "அக்கா, அண்ணை விடிய மோசம் போயிட்டார். நித்திரையிலயே போயிட்டார்," என்றார். பஸ் வந்தது, நான் ஏறவில்லை. மத்தியானம் மரண அறிவித்தல் கைபேசிக்கு வந்துவிட்டது. பெற்றோரின் பெயர் இருந்தது. குகன், குகனின் மனைவி, பிள்ளைகள் எல்லோரும் இருந்தார்கள். அன்புக் கணவர், பாசமிகு தந்தை என்ற சொற்கள் மட்டும் இல்லை. எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. நேசண்ணைக்குச் சாவகச்சேரியில் மனைவி இருக்கிறார், மகள் இருக்கிறாள்.

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலருக்கு இது புதுச் செய்தி. பிக்கரிங்கில் தம்பி வீட்டு பேஸ்மென்ற்றில் இருந்த தனிக்கட்டை என்றுதான் அவரை உங்களுக்குத் தெரியும். எனக்கும் முதல் ஐந்து வருடம் அப்படித்தான் தெரியும்.

ஸ்காபரோவில் ஒரு சின்ன அலுவலகத்தில் பதினான்கு வருடம் அடுத்தடுத்த மேசைகளில் இருந்தோம். அமெரிக்காவில் தங்கள் பரம்பரையைத் தேடுகிறவர்களுக்காகப் பழைய கையெழுத்துப் பத்திரங்களைக் கணினியில் அடித்துக் கொடுப்பது வேலை. "ஆரின்ரயோ பூட்டன் எங்களுக்குச் சோறு போடுறான்," என்பார் நேசண்ணை.

ஒரு குளிர்காலத்தில் அவருடைய மேசைக்கு ஹைரம் கோல் என்ற அயோவா விவசாயியின் கோப்பு வந்தது. அமெரிக்கா வடக்கும் தெற்குமாகப் பிரிந்து சண்டை பிடித்த காலத்து மனிதன். படையில் சேர வயது காணாததால், செத்துப்போன தமையன் எட்வினின் பெயரைக் கொடுத்துச் சேர்ந்துவிட்டான். எட்வினாகச் சண்டை பிடித்து, எட்வினாகக் காலில் வெடி வாங்கினான். ஊர் திரும்பி ஹைரமாகக் கலியாணம் கட்டினான், சோளம் போட்டான், ஆறு பிள்ளைகளைப் பெற்றான். வயது போய்க் கால் இழுத்தபோது, படைவீரர்களுக்கான ஓய்வூதியத்துக்கு விண்ணப்பித்தான். ஹைரம் என்று யாரும் எங்கள் படையில் இருக்கவில்லை என்று அரசாங்கம் பதில் எழுதியது. அதற்குப் பிறகு ஒன்பது வருடம் கடிதமும் சத்தியக் கடதாசியும்தான். இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று அயலவர்கள் சத்தியம் பண்ணினார்கள், கூடச் சண்டை பிடித்தவர்கள் சத்தியம் பண்ணினார்கள். மனைவி மார்த்தா, குடும்ப பைபிளில் பிள்ளைகளின் பிறப்பு எழுதியிருந்த தாளையே கிழித்து அனுப்பினாள்.

அந்தத் தாளில்தான் நேசண்ணை மாட்டுப்பட்டார். வாசிக்க முடியாத பெயருக்கு ஒரு குறியைப் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போகலாம் என்பது எங்கள் அலுவலக விதி. எட்டு நாளில் இறந்துபோன ஒரு குழந்தையின் பெயர் மை ஊறிக் கிடந்தது. அதோடு ஒன்றரை நாள் இருந்தார். மேலாளர் வந்து சத்தம் போட்டார். மேலாளருக்கு ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டுவிட்டு, என் பக்கம் திரும்பி, "பெத்ததுகள் வைச்ச பேரைத் தெரியாதெண்டு போடேலாது, வசந்தி," என்றார். லூசி என்று கண்டுபிடித்த பிறகுதான் சாப்பிட எழும்பினார்.

கடைசித் தாளில் ஹைரமுக்கு ஓய்வூதியம் கிடைத்திருந்தது. நேசண்ணை எழும்பி வெளியே போனார். வெகுநேரம் வரவில்லை. சுகமில்லையோ என்று தேடிப் போனேன். மாடிப்படியில் குந்தியிருந்து அழுதுகொண்டிருந்தார்.

"அவனுக்குச் சாட்சி சொல்ல ஊரே வந்தது. நான் வாய் திறந்தால் என்னைத் திருப்பி அனுப்புவாங்கள்," என்றார்.

அன்றைக்குத்தான் எனக்கு முழுக்கதையும் தெரியவந்தது. அவர் கனடாவுக்கு வந்தபோது மகளுக்கு ஒரு வயது. முன்னமே வந்திருந்த குகன்தான் அகதிப் படிவத்தை நிரப்பிக் கொடுத்திருக்கிறார். கலியாணம் கட்டாத ஆள் என்று போட்டால் கேஸ் லேசு, அவர்களைப் பிறகு கூப்பிடலாம் என்று எல்லோரும் சொல்லித் திரிந்த காலம் அது. முதலில் காட்டாத குடும்பத்தைப் பிறகு கூப்பிட முடியாது என்று ஒருவரும் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால் பொய் எழுதிய குற்றம். சொல்லாவிட்டால் குடும்பமே இல்லை. மனிதர் நடுவில் இறுகிப்போனார்.

குகன் ஒரு வழி கண்டுபிடித்தாராம். அண்ணை ஊருக்குப் போய் அண்ணியையே புதுப் பெண்ணாகப் பதிவுத் திருமணம் செய்வது. பிள்ளையை அண்ணியின் தமக்கையின் பிள்ளையாகக் காட்டுவது. தொலைபேசியில் இதைக் கேட்ட அவர் மனைவி மலரக்கா, "உங்களை இன்னொருக்காக் கட்ட எனக்கு வெக்கமில்லை. என்ர பிள்ளைக்கு இன்னொருத்தியைத் தாயெண்டு எழுத மாட்டன்," என்றிருக்கிறார். "அவள் சொன்னது சரி. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டம்," என்றார் நேசண்ணை.

அப்படியானால் திரும்பிப் போயிருக்கலாமே என்று நானும் கேட்டேன்.

"சண்டை முடிஞ்சாப் பிறகு போனனான். மகள், வாங்கோ இருங்கோ எண்டு கதிரை எடுத்துப் போட்டாள். நான் எந்த வீட்டுக்குத் திரும்பிப் போறது?"

இதையெல்லாம் தெரிந்துகொண்டும் நான் செய்த ஒரு காரியத்தை இங்கே எழுதத்தான் வேண்டும். சாப்பாட்டு மேசையில் பெண்கள் அவரைப் பகிடி பண்ணுவார்கள். "நேசண்ணைக்கு ஒரு பொம்பிளை பாப்பமோ?" என்பார்கள். அவரும், "என்னை ஆர் கட்டுவினம்?" என்று சிரிப்பார். நானும் சேர்ந்து சிரிப்பேன். சிரிக்காவிட்டால் யாருக்காவது சந்தேகம் வந்துவிடுமே என்று பயம். ஒன்பது வருடம் அப்படிச் சிரித்திருக்கிறேன்.

அறிவித்தலைப் பார்த்த அன்று குகனோடு சண்டை பிடித்தேன். "பேர் போட்டால் சனம் கேக்கும் அக்கா," என்றார். செத்த மனிசனை எங்கே திருப்பி அனுப்பப் போறாங்கள் என்று கேட்டேன். குகன், "படிவத்தை நிரப்பினது நான். அவையின்ர பேரைப் போட்டால் அதையும் போடோணும்," என்றார். அண்ணனும் தம்பியும் முப்பது வருடமாக ஒரே வீட்டில் மேலே ஒருவர், கீழே ஒருவராக இருந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருக்கிறார்கள். "நினைவு மலருக்கு நீங்கள் எழுதித் தாங்கோ. நான் ஒண்டையும் வெட்ட மாட்டன்," என்றார்.

ஆகவே எழுதுகிறேன். சிவநேசன் மலர்விழியின் கணவர், யாழினியின் அப்பா.

குகனிடம் தொலைபேசி இலக்கம் வாங்கி, போன கிழமை யாழினியோடு பேசினேன். அப்பா வேலை செய்த இடத்தில் தங்களைப் பற்றி யாருக்காவது தெரியுமோ என்று கேட்டாள். எனக்குத் தெரியும் என்றேன்.

"எத்தினை வருசமா அன்ரி?"

"ஒன்பது வருசமா, பிள்ளை."

"அப்ப ஏன் ஒருநாளும் எங்களோட கதைக்கேல்ல?"

பயத்திலதான் என்றேன்.

"அப்பாவும் இதைத்தான் சொல்லுறவர்," என்றாள்.

நேசண்ணையிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அதுதான், அவருடைய பயம். அவர் இல்லாத இடத்திலும் நான் அதைப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறேன்.