தடுக்கிய இடம்

மேடையில் ஆணி அடித்த மாதிரி நிற்பவர் என்பதால் அவருக்குக் 'கம்பம்' என்று பெயர். பாடகன் ஓடுவான், குதிப்பான், மைக்கோடு மல்லுக்கட்டுவான். டிரம்ஸ்காரன் வேர்த்து ஊற்ற வெளுத்து வாங்குவான். கம்பம் மட்டும் இடது ஓரத்தில் பேஸ் கிட்டாரை மாட்டிக்கொண்டு, யாரோ நிறுத்திவிட்டு எடுத்துப்போக மறந்த சாமான் மாதிரி நிற்பார். போட்டோ எடுப்பவர்கள் பாதி ஆளை வெட்டிவிடுவார்கள். அதற்கெல்லாம் அவர் வருத்தப்பட்டதே கிடையாது. வருத்தப்படாமல் இருக்க அவர் கையில் ஒரு பாட்டு இருந்தது.

பத்தொன்பது வயதில் அந்த ராக் குழுவில் சேரப் போனபோது கிட்டார் வாசிக்கத்தான் போனார். அங்கே ஏற்கெனவே ஒருத்தன் இருந்தான், இவரைவிடப் பிரமாதமாக வாசிப்பவன். "பேஸ் காலியா இருக்கு. நாலே கம்பிதான், உனக்கு ரெண்டு கம்பி வேலை மிச்சம்" என்றான் பாடகன். ஒரு மனிதனின் தலையெழுத்து இப்படியா முடிவாக வேண்டும்? ஆனால் முடிவாகிவிட்டது. வயிற்றுப்பாட்டுக்கு லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் வேலை. மொட்டை மாடி மோட்டார் அறையில் ஒரு நிமிஷம் காதைக் கொடுத்தால் போதும், எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். பகலெல்லாம் உறுமலைக் கேட்டுவிட்டுச் சாயங்காலம் உறுமலை வாசித்தார். இரண்டுக்கும் அவர் பெரிய வித்தியாசம் பார்த்ததில்லை.

இருபத்துநாலு வருஷத்துக்கு முன்னால் அந்தக் குழு ஒரு பாட்டைப் பதிவு செய்தது. அவர்கள் போட்ட பாட்டுகளில் ஊர் உலகத்துக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். அதன் நடுவில் எல்லோரும் வாயை மூடிக்கொள்ள, பேஸ் மட்டும் படியிறங்குகிற மாதிரி இறங்கி வரும். கடைசிப் படியில் கால் தடுக்கினாற்போல ஒரு சுரம் முந்திக்கொண்டு விழும், அரை நொடி தொங்கும், பிறகு சுதாரித்துக்கொண்டு தாளத்தில் வந்து சேரும். ரசிகர்கள் அந்த இடத்துக்குத் 'தடுக்கல்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். கச்சேரியில் அது வரும்போது கூட்டம் மொத்தமும் 'ஊ' என்று கத்தும்.

கம்பத்தின் மனைவி மருந்துக்கடையில் வேலை பார்ப்பவர். கல்யாணத்துக்கு முன்னால், கடை ரேடியோவில் அந்தப் பாட்டைக் கேட்டு, அதன் பிறகு ஆளைத் தேடி வந்தவர். "மூஞ்சியப் பாத்தா மயங்கினேன்? அந்தப் பாட்டைக் கேட்டுத்தான் ஏமாந்தேன்" என்று இன்றைக்கும் வம்பிழுப்பார். கம்பத்துக்கு உச்சி குளிர்ந்துவிடும். போட்டோவில் பாதி ஆளாக இருந்தால் என்ன, பாட்டில் முழு ஆள் அல்லவா!

இப்போது அந்தப் பாட்டைப் பழைய நாடாவிலிருந்து எடுத்துச் சுத்தம் செய்து மறுபடி வெளியிடுகிறார்களாம். 'உங்கள் பகுதியை எப்படி வாசித்தீர்கள் என்று நாலு வார்த்தை பேச வேண்டும்' என்று கம்பத்தையும் டிரம்ஸ்காரனையும் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு அழைத்தார்கள். அங்கே வேலை பார்க்கும் பெண்ணுக்கு அந்தப் பாட்டின் வயதுதான் இருக்கும்.

"சார், உங்க பேஸை மட்டும் தனியாப் போடறேன், கேளுங்க" என்றாள். போட்டாள். "நீங்க பிக் வச்சு வாசிப்பீங்கன்னு எனக்குத் தெரியவே தெரியாது சார். என்ன ஒரு சுத்தம்!"

பிக் என்பது கம்பியைத் தட்டுகிற சின்ன பிளாஸ்டிக் வில்லை. கம்பம் ஜென்மத்தில் அதைத் தொட்டதில்லை. வெறும் விரல்தான். ஆனால் ஸ்பீக்கரில் ஒவ்வொரு சுரத்துக்கும் முன்னால் 'டிக் டிக்' என்று வில்லை படுகிற சத்தம் தெளிவாகக் கேட்டது.

டிரம்ஸ்காரன் சும்மா இருந்திருக்கலாம். "இது நம்ம கிட்டார்காரன் வாசிச்சதுல்ல? அன்னிக்கு நீ ஜுரத்துல சுருண்டு கிடந்தியே" என்றான்.

"என்னடா சொல்றே?"

"அட, உனக்குத் தெரியாதா? அவன் உங்கிட்ட சொல்லியிருப்பான்னு நெனச்சேன்."

"நிறுத்துங்கம்மா" என்றார் கம்பம். பாதிப் பாட்டில் நின்றது. பேய் அறைந்த மாதிரி எழுந்து வெளியே வந்தவர், தெருவில் இடது பக்கம் போவதா வலது பக்கம் போவதா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றார். தினமும் போய்வருகிற தெருதான்.

ஜுரம் ஞாபகம் இருந்தது. மத்தியானம் உடம்பு கொதிக்கக் கொதிக்க ஒரு தடவை முழுப் பாட்டையும் வாசித்தது, அப்புறம் இருமல் மருந்து குடித்துவிட்டு வயர் சுருள்களுக்கு நடுவில் படுத்தது, எழுந்தபோது "முடிஞ்சுதுடா, அருமையா வந்திருக்கு" என்று யாரோ சொன்னது. தன் வாசிப்பைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். வேறெப்படி நினைப்பார், பாவம்!

இப்போது யோசிக்க யோசிக்க ஒவ்வொன்றாகக் கிளம்பியது. பாட்டு வெளிவந்த பிறகு தான் வாசித்ததையே கேசட்டைப் போட்டுப் போட்டு அவர் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. ஜுரத்தில் வாசித்தது மறந்துவிட்டது என்று சமாதானம் சொல்லிக்கொண்டார். மேடையில் வாசித்தால் பாடகன் முகம் சுளிப்பான்: "ரெக்கார்டுல வர்ற மாதிரி வரலையேடா!" பாட்டு பதிவான அன்று பாடகன் கூடத்தில் இல்லை, மறுநாள் தனியாக வந்து பாடினான், அதனால் அவனுக்கும் விஷயம் தெரியாது. அந்த ஒலிக்காக இவர் கம்பி மாற்றினார், ஸ்பீக்கர் மாற்றினார், தோள்வாரைக் கூட ஏற்றி இறக்கிப் பார்த்தார். தன் ஒலியையே தான் பிடிக்க முடியவில்லையே என்று இருபத்துநாலு வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டார். அது அவர் ஒலியே இல்லை. இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது?

வீட்டில் மூச்சு விடவில்லை. மனைவி தேடி வந்தது அந்தப் பாட்டு வாசித்தவனை. அந்த ஆள் தான் இல்லை என்றால், இந்த வீட்டில் தான் யார்? சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"என்னங்க, உடம்புக்கு முடியலையா? மாத்திரை எடுத்துட்டு வரட்டா?"

"ஒண்ணுமில்ல."

மறுநாள் வேலையிலும் தடுமாற்றம்தான். ஐந்தாம் மாடிக்கும் ஆறாம் மாடிக்கும் நடுவில் நின்றுபோன ஒரு லிஃப்ட்டைச் சரிசெய்யப் போய், நன்றாக ஓடிக்கொண்டிருந்த பக்கத்து லிஃப்ட்டை நிறுத்திவிட்டு வந்தார். கட்டடத்து மேனேஜர் ஆகாசத்துக்கும் பூமிக்கும் குதித்தார். கம்பம் திட்டு வாங்கிக்கொண்டு, அதே சீருடையோடு கிட்டார்காரனின் கடைக்குப் போனார்.

கிட்டார்காரன் குழுவை விட்டு இருபது வருஷத்துக்கு மேலாகிறது. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். ஒரு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தவன் நண்பனைப் பார்த்ததும் துள்ளி எழுந்தான். கம்பம் உட்காரவில்லை.

"அந்தப் பாட்டுல பேஸ் வாசிச்சது நீயா?"

அவன் முகம் விழுந்துவிட்டது. "டிரம்ஸ்காரன் உனக்கு அன்னிக்கே சொல்லலையா?"

"நீ சொல்லியிருப்பேன்னு அவன் நெனச்சானாம். நல்லா நெனச்சீங்கடா எல்லாரும்! இருபத்துநாலு வருஷம்! எம் பொண்டாட்டி அந்தப் பாட்டைக் கேட்டுத்தான் என்னைக் கட்டிக்கிட்டாடா!" கம்பம் சத்தம் போட்டுக் கிட்டார்காரன் பார்த்ததே இல்லை. சத்தம் போட்டுக் கம்பத்துக்கே பழக்கமில்லை, கடைசி வார்த்தையில் குரல் கிறீச்சிட்டது.

கிட்டார்காரன் தலையைச் சொறிந்தான். "உனக்கு அன்னிக்கு விரல் நடுங்கிச்சு. தாளம் கண்ட எடத்துல ஓடிச்சு. கூடத்தை அன்னிக்கே காலி பண்ணணும். அதனால அதே நாடாவுல, நீ வாசிச்சதை அழிச்சு அது மேலயே, துண்டு துண்டா நான் வாசிச்சேன். அந்தத் தடுக்கல் வந்துச்சு பாரு, அதை மட்டும் அழிச்சா கையை ஒடைப்பேன்னு பழைய ஒலிப்பதிவாளர் சொல்லிட்டார். சுத்தமா நானே வாசிச்சுக் குடுக்கறேன்னு உக்காந்தேன். பதிவு பண்ணாம முப்பது தடவை வாசிச்சுப் பாத்தேன்டா. வரல."

"வரலன்னா?"

"தடுக்கற மாதிரி நடிக்கத்தான் வந்துச்சு. நீ உண்மையிலேயே தடுக்கினே. அது நீ வாசிச்சதுதான். மூணு சுரம்."

கம்பத்துக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. பாட்டில் சரியாக இருப்பதெல்லாம் இவனுடையது. தப்பாகப் போனது தன்னுடையது. கூட்டம் கத்துவது அந்தத் தப்புக்கு. இதில் சந்தோஷப்பட ஏதாவது இருக்கிறதா, இல்லையா? யாரைக் கேட்பது?

ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போன் செய்தார். அந்தப் பெண் போனிலேயே போட்டுக் காட்டப் பார்த்தாள், பேஸ் போனில் கேட்டுத் தொலைக்குமா? நேரில் ஓடினார். டிக், டிக், டிக் என்று படியிறங்கி வந்தது. கடைசிப் படியில் 'டிக்' காணாமல் போய், காய்ந்த விரல் தோல் கம்பியில் வழுக்குகிற சத்தம். மூன்று சுரம். மறுபடி டிக், டிக்.

"அட, ஆமா சார். இங்க மட்டும் வேற ஆள்" என்றாள் அவள்.

"அந்த வேற ஆள் நாந்தாம்மா" என்றார் கம்பம். "மத்ததுக்கெல்லாம் கிட்டார்காரன் பேரைப் போட்டுடுங்க."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினார். சொல்லி முடித்துவிட்டுத் தலை நிமிரவில்லை.

"அப்ப நான் அந்தக் கண்ணாடிக்கடைக்காரரைத்தான் கட்டியிருக்கணுமா?"

"கிண்டல் பண்ணாத. எனக்கு ஒண்ணும் புரியல. வேற எவனோ வாசிச்சதைக் கேட்டுட்டு நீ வந்திருக்கே."

மனைவி சிரிப்பதை நிறுத்தினார். "கோவமாத்தான் இருக்கு. யார் மேலன்னுதான் தெரியல" என்றார். கொஞ்சம் கழித்து, "அன்னிக்கு நான் மருந்து எண்ணிக்கிட்டிருந்தேன். பாட்டு பாட்டுக்கு ஓடிச்சு. அந்த எடத்துல எண்ணிக்கை விட்டுப் போச்சு. யாரோ விழுந்துட்டாங்கன்னு நிமிந்து பாத்தேன்" என்றார். ஆறிய சாப்பாட்டைச் சூடு பண்ணிச் சாப்பிட்டார்கள்.

அடுத்த வாரம் ஒரு கல்லூரி அரங்கில் மத்தியானக் கச்சேரி. கம்பம் சட்டைப் பையிலிருந்து ஒரு பிக்கை எடுத்தார். கண்ணாடிக்கடையில் கேட்டு வாங்கியது. ஏன் வாங்கினார் என்று அவருக்கே தெரியாது. ஒரு தடவையாவது அந்த ஒலியைப் பிடித்துப் பார்த்துவிடுவது என்கிற வீம்பாக இருக்கலாம்.

பாட்டு ஆரம்பித்த எட்டாவது நொடியில் பாடகன் திரும்பிப் பார்த்தான். கண் விரிந்தது. "இதுதான்டா! இதுதான்டா அந்தச் சத்தம்!" என்று மைக்கை மறந்து கத்தினான். இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இருபத்துநாலு வருஷம் ஏங்கியிருக்கிறார். கேட்டதும் வயிறு எரிந்தது.

எல்லோரும் நிறுத்தினார்கள். பேஸ் மட்டும் படியிறங்கியது. தடுக்கலுக்கு விரல் வேண்டும், விரலில் வில்லை இருக்கிறது. கடைசிப் படியில் அவசரமாக அதை உதறினார். உதறிய வேகத்தில் கை வழுக்கியது. நடிப்பில்லாமல், நிஜமாகவே. சுரம் முந்திக்கொண்டு விழுந்தது, தொங்கியது, வந்து சேர்ந்தது. அரங்கம் 'ஊ' என்று கத்தியது. மூன்றாவது வரிசையில் மனைவி கத்தவில்லை, வெடுக்கென்று நிமிர்ந்து பார்த்தார்.

பிக் அவர் காலடியில் கிடந்தது. "எடுறா, எடுறா" என்று பாடகன் கையை ஆட்டினான். கம்பம் குனியவில்லை. அது கிடந்த இடத்தை விட்டு ஓரடி முன்னால் நகர்ந்து நின்று, மீதிப் பாட்டை வெறும் விரலால் வாசித்தார்.