செருப்புகள் நிற்கும் வரிசை

திருச்சுழி போகும் வழியில் ஒரு தர்ம ஆஸ்பத்திரி. காப்பீட்டு அட்டை இல்லாதவர்களுக்கும் பத்து ரூபாய்க்கு வைத்தியம் பார்க்கிறார்கள். காலில் கருவேல முள் ஏறி, நொண்டிக்கொண்டே போய்ச் சேர்கிறேன். வாசலில் வெயிலில் செருப்புகள் மட்டும் வரிசையில் நிற்கின்றன. அவற்றின் சொந்தக்காரர்கள் கருவேல மரத்தடியில் சாவகாசமாக இருக்கிறார்கள்.

"செருப்ப வரிசையில விட்டுட்டு இங்கிட்டு வந்து உக்காருங்க," என்கிறார் நரிக்குடிக்கார அம்மா ஒருவர்.

விட்டுவிட்டு நாலு எட்டு வைப்பதற்குள் அடுத்த காலிலும் முள்.

"இப்படித்தான் ஆள் சேர்க்கிறார்களா இந்த ஆஸ்பத்திரிக்கு?" என்கிறேன்.

அந்த அம்மா தன் பாதத்தைத் திருப்பிக் காட்டுகிறார். அதிலும் ஒரு முள்.

"நான் காச்சலுக்குன்னுதான் வந்தேன். எத்தன நோவு சேந்தாலும் அதே பத்து ரூவாதான், உக்காருங்க."